படுக்கையருகே குரு

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் சாவதென்றால் ஜூன் மாதத்தில் சாவதுதான் உத்தமம். மண் இளகியிருக்கும், சாலை திறந்திருக்கும், பதினொரு கோயில்களுக்கும் ஒரே குருவாக இருக்கும் ஃபாதர் விடுமுறைக்குக் கிளம்புவது ஜூலையில்தான். பிப்ரவரியில் சாகிறவர்கள் முன்யோசனை இல்லாதவர்கள். லாக்லன் கில்லிஸ் சின்ன வயசிலிருந்தே முன்யோசனை இல்லாதவன். பிப்ரவரி பத்தாம் தேதி, தீவு முழுக்க இடுப்பளவு பனி கிடந்தபோது, சாக ஆரம்பித்தான்.

என் பெயர் மோராக். போர்ட் கேலம் கோயிலில் முப்பத்தொரு வருடமாக நான்தான் கோயில்பிள்ளை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, திருவுடைகளைத் துவைத்து இஸ்திரி போடுவது, சனிக்கிழமைதோறும் வெள்ளிச் சாமான்களைத் துலக்குவது எல்லாம் என் வேலை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், நடந்த தப்பில் பாதி என்னுடையது. மீதிப் பாதிக்கு உரியவர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் என் பாதியையாவது பதிவு செய்துவிடுகிறேன்.

லாக்லன் கோயிலுக்கு வந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. அவனுடைய அப்பா சிங்கி இறால் பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அன்றிருந்த ஃபாதர், உடல் இல்லாமல் அடக்கத் திருப்பலி கிடையாது என்று சொல்லிவிட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்கு நடுவில் லாக்லன் எழுந்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு நடு வழியாக நடந்து வெளியே போனான். அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. தம்பி ரோரி மட்டும் கடைசி பெஞ்சில் தொடர்ந்து உட்கார்ந்து வந்தான், இரண்டு பேருக்கும் சேர்த்து.

அன்று காலை ரோரி என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தான். ஐம்பத்தேழு வயது ஆள், சாலையில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன், குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணன் கேட்டுட்டான்க்கா! 'ஒரு ஃபாதரைக் கூட்டிட்டு வாடா, அப்பாவுக்குச் சொல்லாத ஜெபத்தை எனக்காவது சொல்லட்டும்'னு அவனே வாயத் திறந்து கேட்டுட்டான். நர்ஸ் ரெண்டு நாள்னு சொல்றாங்க. மிஞ்சிப் போனா மூணு."

நானும் அழுதேன். நாற்பது வருடம் ஒரு மனுஷன் வீம்பை விடாமல் இருந்துவிட்டு, கடைசியில் இவ்வளவு சின்னதாக ஒன்றைக் கேட்கிறான். ஒரு ஃபாதர், ஒரு துளி எண்ணெய், ஐந்து நிமிஷம். இதுகூடவா கிடைக்காது என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் கோயிலில் வேலை பார்த்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கோயில்களை ஒன்றுசேர்த்தபோது போனையும் ஒன்றுசேர்த்துவிட்டார்கள். குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுக்க ஒன்றை அழுத்த வேண்டும், கல்யாணத்துக்கு இரண்டு, கல்லறையில் இடம் வாங்க மூன்று, பிங்கோ சீட்டுக்கு நான்கு. சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலுக்கு ஏழு. ஏழை அழுத்தினால் லோர்னா வருவாள். லோர்னாவின் பதவிக்குப் பெயர் பங்குக் குடும்பங்களின் ஒருங்கிணைப்பாளர்.

"நோயாளியோட பங்கு உறுப்பினர் எண் சொல்லுங்க."

"அவன் நாப்பது வருஷமா கோயிலுக்கு வரலம்மா," என்றான் ரோரி.

"அப்ப புது வரவு! வாழ்த்துகள். வரவேற்பு வகுப்பு மார்ச் முதல் வாரம் ஆரம்பிக்குது."

"அவன் வெள்ளிக்கிழமை தாண்ட மாட்டான்."

"கவலைப்படாதீங்க, கதீட்ரல்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டுப் பூசுதல் வச்சிருக்கோம். அடுத்தது ஏப்ரல் இருபது. பேரைப் போட்டுக்கவா? உக்காந்து வருவாரா, படுத்து வருவாரா?"

"அதுக்குள்ள செத்துருவாம்மா!"

லோர்னா படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே," என்றாள். பிறகு நல்ல மனசோடு அவனைப் 'படுத்து வருபவர்கள்' பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

இப்போதே ஒரு ஃபாதர் வேண்டும் என்று நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன். மறைமாவட்டத்தின் பதினான்கு குருக்களும் வெள்ளிவரை கிளென்மோர் ஹோட்டலில் கருத்தரங்கில் இருக்கிறார்கள் என்றாள் லோர்னா.

"என்ன கருத்தரங்கு?"

"'மரணப் படுக்கையருகே குரு.' ரொம்ப உருக்கமா இருக்காம்."

லாக்லனை நர்ஸிடம் விட்டுவிட்டு, ரோரி பனி அள்ளும் லாரியை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன், ஃபாதர்களிடம் பேசப் பழகிய ஆள் ஒன்று வேண்டுமே. மூடிக்கிடந்த சாலையை அவனே அள்ளி, அவனே திறந்து, அவனே ஓட்டினான். இரண்டரை மணி நேரம் ஆனது.

ஹோட்டல் கூடத்தின் நடுவில் ஒரு மேசை, மேசையில் வெள்ளைத் துணி, துணியில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. தீயணைப்பு நிலையத்தில், மூச்சு நின்றவர்களின் நெஞ்சை அமுக்கிப் பழகுவதற்கு வைத்திருக்கும் பொம்மை. குருக்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அதன் நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். அது ஒத்திகை எண்ணெய், ஹோட்டல் சமையலறையில் வாங்கியது. பொம்மையின் நெற்றி பளபளவென்று மின்னியது. எங்கள் தீவில் அவ்வளவு பக்குவமாக சாவுக்குத் தயாரான கத்தோலிக்கர் வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

தலைமாட்டில் நின்று பாடம் நடத்தியவர், மூத்த குருக்களுக்குக் கொடுக்கும் மான்சிஞ்ஞோர் பட்டம் வாங்கிய டெஸ்மண்ட், திருவழிபாட்டு ஆணையத்தின் தலைவர். சிவப்பு ஓரம் வைத்த அங்கியில் ஒரு நூல்கூட பிசிறு இல்லை. துணியை இஸ்திரி போடுகிறவளுக்கு அதெல்லாம் கண்ணில் படும்.

"நெத்தியில ஒண்ணு. ரெண்டு உள்ளங்கையிலயும் ஒண்ணொண்ணு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா படுத்திருக்கிறவர் குருவா இருந்தா உள்ளங்கை கூடாது, புறங்கை. ஏன்? குருவோட உள்ளங்கை பட்டம் வாங்கின அன்னிக்கே அபிஷேகம் ஆயிருச்சு. ஃபாதர்ஸ், குருத்துவத்தோட பொருள் என்னன்னு என்னைக் கேக்குறாங்க. நான் சொல்றேன், இந்த உள்ளங்கைக்கும் புறங்கைக்கும் நடுவுலதான் அது இருக்கு."

பாதிப் பேர் எழுதிக்கொண்டார்கள். ரோரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனான்.

"மன்னிக்கணும் ஃபாதர். போர்ட் கேலம்ல நிஜமாவே ஒருத்தர் செத்துக்கிட்டிருக்கார்."

"ரொம்ப நல்லது," என்றார் மான்சிஞ்ஞோர். "கேள்வி நேரம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்."

நான் முழு விவரத்தையும் சொன்னேன். நாற்பது வருடம், அப்பா, படகு, எல்லாம். குருக்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். எங்கள் பங்கு ஃபாதர் மட்டும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார். "மோராக், வந்துருவேன், ஆனா மூணு மணிக்கு நான் பேசணும்," என்றார். "தலைப்பு, 'மக்களோடு இருத்தல்'."

மான்சிஞ்ஞோர் எரிச்சல்படவில்லை. அவர் எரிச்சல்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரோரியின் தோளில் கை வைத்து, பிரசங்கத் தொனியில் விளக்கினார்.

"மகனே, ஒரு குரு ஒரு படுக்கைக்குப் போனா, அந்த ஒரு படுக்கைக்குத்தான் போறார். பதினாலு குருக்கள் இங்க உக்காந்து படுக்கையைப் பத்தித் தியானிச்சா, உலகத்துல உள்ள எல்லாப் படுக்கைக்கும் போன மாதிரி. உங்க அண்ணன் பக்கத்துல இப்பவே நாங்க பதினாலு பேரும் இருக்கோம்."

"அவன் கண்ணுக்குத் தெரியணுமே ஃபாதர்," என்றான் ரோரி.

அந்தப் பதில் அட்டவணையில் இல்லை. ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கருத்தரங்கிலிருந்து ஒருவர் வெளியே போனால் மற்றவர்களின் தியான மௌனம் கலையுமா என்று ஒருவர் கேட்டார். பொம்மைக்குப் பூசுவதைப் பாதியில் நிறுத்துவது அதற்கு மரியாதைக் குறைவாகுமா என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் மான்சிஞ்ஞோரே ஒரு வழி கண்டுபிடித்தார். லாக்லனின் சாவைச் செய்முறைப் பயிற்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வரிசையில் கடைசியாக நின்று, இன்னும் பொம்மையைத் தொட்டிராத ஃபாதர் கிளெட்டஸ் போகட்டும். கையில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள்.

"நானா?" என்றார் ஃபாதர் கிளெட்டஸ். அறுபத்தாறு வயது. நல்லவர், ஆனால் டீயில் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதற்கே மறைமாவட்டத் தலைவரான ஆயரின் கடிதத்துக்குக் காத்திருப்பவர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

ஒத்திகை எண்ணெய் உதவாது, ஆயர் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று ஆசீர்வதித்த எண்ணெய்தான் வேண்டும். அதனால் திரும்பும் வழியில் எங்கள் கோயிலில் லாரியை நிறுத்தச் சொல்லி, நான் இறங்கி ஓடினேன். என் பாதித் தப்பு இங்கேதான் வருகிறது.

பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒரு மரப்பெட்டி. அதில் மூன்று சிறு வெள்ளிக் கிண்ணங்கள். ஒன்று நோயாளிகளுக்கான எண்ணெய், ஒன்று திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்கு, ஒன்று நறுமணத் தைலம். எதில் எது என்று மூடிகளில் எழுத்து வெட்டியிருந்தது. முப்பத்தொரு வருடம் சனிக்கிழமைதோறும் நான் துலக்கியதில் எழுத்து தேய்ந்து, மூடிகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. ஆயர்கூட ஒரு தடவை பாராட்டியிருக்கிறார். இடது, நடு, வலது என்று பெட்டியில் இருக்கும் இடத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம். அன்று அவசரத்தில் மூன்றையும் கோட்டுப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்குப் போனபோது மதியம் இரண்டு மணி. நாங்கள் வந்ததும் நர்ஸ் அடுத்த நோயாளியைப் பார்க்கக் கிளம்பினாள். லாக்லனின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது, கண் மூடியிருந்தது. பேச்சு நின்றவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, நேரே பூசுதல்தான் என்று ஃபாதர் கிளெட்டஸ் முடிவு செய்தார். அவர் அன்று எடுத்த ஒரே முடிவு அது. நான் கிண்ணங்களை ஜன்னலோரத்தில் வைத்தேன். அவர் மூன்றையும் திறந்து முகர்ந்தார்.

"இது தைலம், வாசனையிலயே தெரியுது. ஆனா இது ரெண்டும்... மோராக், எது நோயாளிக்கு?"

இரண்டும் ஒரே ஒலிவ எண்ணெய். ஒரே ஆயர், ஒரே வியாழக்கிழமை, ஒரே பீப்பாய். நான் உண்மையைச் சொன்னேன்.

"ரெண்டையும் பூசிருங்களேன் ஃபாதர்," என்றான் ரோரி.

"திருமுழுக்கு எண்ணெயைச் சாகிறவருக்குப் பூசினா, அவர் எந்த நிலைமையில அங்க போய்ச் சேருவார்?"

"அதை அங்க இருக்கிறவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

ஃபாதர் கிளெட்டஸ் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "அவசரம்னா எந்தத் தாவர எண்ணெயா இருந்தாலும் ஃபாதரே அங்கயே ஆசீர்வதிக்கலாம்னு புத்தகத்துல இருக்கே," என்றேன். "சமையல்கட்டுல பாட்டில் இருக்கு."

"இருக்கு மோராக், புத்தகத்துல இருக்கு. ஆனா அது எண்ணெய் இல்லாத அவசரத்துக்கு. இங்க எண்ணெய் இல்லாம இல்லையே? மூணு கிண்ணம் இருக்கு. எண்ணெய் அதிகமா இருந்தா என்ன செய்யணும்னு புத்தகம் சொல்லல." அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. "மான்சிஞ்ஞோரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன். ரெண்டே நிமிஷம்."

எங்கள் ஊரில் படகுத்துறையின் நுனியில் நின்றால்தான் செல்போன் பேசும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அங்கி படபடக்க, போனைக் காதில் வைத்தபடி அவர் அங்கே நின்றார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மான்சிஞ்ஞோர் 'மக்களோடு இருத்தல்' உரைக்கான மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். காத்திருப்பவர்களுக்காகப் போனில் லத்தீன் பாட்டு போட்டார்களாம். மிக அழகாக இருந்ததாக ஃபாதர் கிளெட்டஸே பிற்பாடு சொன்னார்.

அப்போது லாக்லன் வாயசைத்தான். நாங்கள் இருவரும் குனிந்தோம்.

"வந்தாச்சா?"

ரோரி என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு சமையலறைக்குப் போய், மீன் பொரிக்கிற எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, கட்டைவிரலை நனைத்துக்கொண்டான்.

"வந்தாச்சுண்ணே. ஃபாதர் வந்துட்டார்."

அண்ணனின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டான். என்ன ஜெபம் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றையே, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று, மூன்று தடவை சொன்னான். நடுவில் அப்பா பெயரையும் சேர்த்துக்கொண்டான். லாக்லன் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்து, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தான். நாற்பது வருடமாகியும் அதை மறக்கவில்லை. ரோரி இரண்டிலும் பூசினான். கால் மணி நேரத்தில் மூச்சு நின்றது.

ஃபாதர் கிளெட்டஸ் பனியை உதறிக்கொண்டு, முகம் மலர்ந்து உள்ளே வந்தார். "அனுமதி கிடைச்சிருச்சு! ரெண்டையும் நிபந்தனையோட பூசலாமாம்!"

அவர் படுக்கையைப் பார்த்தார். செத்தவருக்குப் பூச முடியாது, அதில் புத்தகத்துக்குச் சந்தேகமே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நெற்றியில் எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டார், ரோரி மறைக்காமல் சொன்னான். அழுதுகொண்டே மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை.

பிப்ரவரியில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டி இறங்காது. லாக்லனைப் பெட்டியோடு தோட்டத்து ஓரத்திலிருக்கும் கல் அறையில் வைத்தோம், மண் இளகும்வரை. அம்மா பக்கத்தில், அப்பா பெயர் மட்டும் வெட்டிய கல்லுக்குக் கீழே அவனுக்கு இடம் இருந்தது.

ஒன்பதாம் நாள், புயல் அடித்துக்கொண்டிருந்தபோது, ரோரி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மூன்று குருக்கள் இறங்கினார்கள். முன்னால் மான்சிஞ்ஞோர் டெஸ்மண்ட். நூறு மைல், மூடிய சாலை, கண் தெரியாத பனி, எதையும் பொருட்படுத்தாமல் வந்திருந்தார்கள். அண்ணன் போனதிலிருந்து தம்பிக்கு நான்தான் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கும் டீயும் ஓட்ஸ் பிஸ்கட்டும் வைத்தேன்.

"நோயில்பூசுதல் மாதிரி ஒரு திருவருட்சாதனத்தைக் குருப்பட்டம் இல்லாத பொதுநிலையினர் நடிச்சுக் காட்டுறது கடுமையான குற்றம்," என்று மான்சிஞ்ஞோர் ஆரம்பித்தார். "ஆனா திருச்சபை ஒரு தாய். தண்டிக்க விரும்பல. ரெண்டே வரி, ஒரு கையெழுத்து, போதும்."

படிவத்தை மேசையில் வைத்தார். முதல் வரி: என் சகோதரருக்கு நான் செய்தது ஒன்றுமில்லை, அதனால் அவருக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வரி: இதை இனி எவருக்கும், எந்த நிலையிலும் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

"போடலேன்னா?" என்றான் ரோரி.

"உங்க அண்ணனை அடக்கம் பண்ண சட்டத்துல ஒரு தடையும் இல்ல. ஆனா கல்லறைப் பதிவேட்டுல இந்தப் படிவ எண்ணை எழுதணும். எண் இல்லாம லோர்னாவால பதிய முடியாது."

ரோரி பேனாவை எடுத்து, முதல் வரிக்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதினான்: வேறு யாரும் கொடுக்கவும் இல்லை. மான்சிஞ்ஞோர் அதை வாசித்தார். கோபப்படவில்லை. "கூடுதலா எழுத இதுல இடம் விடலையே," என்று சொல்லி, பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். பையில் இன்னும் நிறைய இருந்தன.

ரோரி ஜன்னல் வழியாகக் கல் அறை இருக்கும் திசையைப் பார்த்தான். பிறகு புதுப் படிவத்தில், சொன்ன இடத்தில், கையெழுத்துப் போட்டான். சாட்சியாக ஒருவர் வேண்டும் என்றார்கள். அங்கே நான்தான் இருந்தேன். அவன் அண்ணன் மண்ணுக்குள் போக வேண்டுமே என்று போட்டேன்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி லோர்னா போன் செய்தாள். கூட்டுப் பூசுதலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு லாக்லன் வரவில்லையாம், இப்படிச் சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்த முறை இடம் கிடைக்காதாம். மறைமாவட்டச் செய்தி மடலும் அந்த வாரம்தான் வந்தது. அட்டையில் பொம்மையைச் சுற்றிப் பதினான்கு குருக்கள். உள்ளே, கருத்தரங்கின் பலன் என்ற தலைப்பில், குரு உடனிருந்த மரணங்கள்: ஒன்று. இடம்: போர்ட் கேலம்.

இருபத்தாறாம் தேதி மண் இளகியது. எங்கள் பங்கு ஃபாதர் வந்தார், சரியான உடையில், சரியான புத்தகத்தோடு. ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்த கோயிலுக்குப் போனார். ரோரி தானே மண்ணைத் தள்ளி மூடினான். பிறகு லாரியில் ஏறி, இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எழுபத்தொரு வயது. மகன் நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை போன் பேசுவான்.

"ரோரி," என்றேன். "எனக்கு அந்த நேரம் வந்தா போன் கீன் எல்லாம் போட்டு அலையாதே. அடுப்புக்குப் பக்கத்துல எண்ணெய் பாட்டில் இருக்கும். நீயே வந்துரு."

அவன் விரலில் ஒட்டியிருந்த கல்லறை மண்ணைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தான்.

"முடியாதுக்கா," என்றான். "ரெண்டாவது வரி."

அந்த இரண்டாவது வரியை நானும் படித்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.